மூச்சாலைக் கதவு

அரண்மனையிலிருந்து வெளியே வரும்போது டாக்டர் உமையாளின் கைப்பையைக் காவலர்கள் வாசலில் கொட்டிப் பார்ப்பார்கள். அது வழக்கம்தான், அதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்த் திரும்பினால் பை கொஞ்சம் நகர்ந்திருக்கும். இழுத்து மூடிய ஜிப் பாதி திறந்திருக்கும். அந்த வீட்டில் இருந்தது அவளும் அவள் கணவன் வயிரவனும் மட்டும்தான்.

வயிரவன் சபை உறுப்பினர். அவள் ராஜாவின் மருத்துவர். கல்யாணமான புதிதில் இரண்டு பக்கமும் செல்வாக்குள்ள ஜோடி என்று ஊரே சொன்னது. ராஜாவுக்கும் சபைக்கும் பேச்சுவார்த்தை முறிந்த பிறகு அதே ஊர் அவர்கள் இரண்டு பேரையும் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டது.

அவர்களுடைய ஊர் நெய்தல். வியாழனைச் சுற்றும் ஒரு நிலவில், உறைந்த பனிக்கும் அதற்கடியில் கிடக்கும் கருங்கடலுக்கும் நடுவே, முதல் கப்பலில் வந்தவர்கள் குடைந்து கட்டிய நகரம். கடல்நீரைப் பிரித்துக் காற்று செய்யும் ஆலையை எல்லோரும் மூச்சாலை என்றார்கள். அதன் உள்ளறைக்கு ஒரே கதவு. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு, தகட்டின் நடுவில் ஓர் ஊசி. முதல் கப்பலின் தலைவர் தன் வம்சத்து இரத்தத்துக்கு மட்டும் திறக்கும்படி அதைப் பூட்டிவைத்துவிட்டுச் செத்துப்போனார். அவருடைய பிள்ளை ராஜாவானது அப்படித்தான். மாதம் ஒருமுறை ராஜா வந்து தகட்டில் விரல் வைப்பார். ஊசி குத்தும், கதவு திறக்கும், பணியாளர்கள் உள்ளே போய் அடைத்துப்போன வடிகட்டிச் சவ்வுகளை மாற்றிவிட்டு வருவார்கள். வேறு யாருடைய இரத்தமாவது பட்டால் ஆலை தானாகவே நின்றுவிடும், மறுபடி அதை ஓட்டவே முடியாது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் காவலுக்கு ஆள் இல்லாத நேரத்திலும் அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில் ஒருவரும் போனதில்லை.

சபையின் கையில் மின்சாரம் இருந்தது. ராஜா மூச்சு, சபை வெளிச்சம் என்ற அந்த ஏற்பாடு தலைமுறைகளாக ஓடியது. ஒருவரை ஒருவர் பகைத்துக்கொள்ள முடியாது என்பதே அதிலிருந்த பாதுகாப்பு. ராஜா அதிவீரனுக்குக் குழந்தை இல்லை என்று உறுதியானபோது அது ஆட்டம் கண்டது. ராஜாவுக்குப் பிறகு கதவை யார் திறப்பது? இரண்டாவது சாவி ஒன்று செய்ய ராஜா உடன்பட வேண்டும் என்று சபை சட்டம் கொண்டுவந்தது. ராஜா கையெழுத்துப் போடவில்லை. சபையைக் கலைத்துவிட்டதாக அறிவித்தார். உறுப்பினர்கள் மண்டபத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சபாநாயகர் நல்லதம்பி அரண்மனை வட்டாரத்து விளக்குகளைப் பாதியாகக் குறைத்தார். பதிலுக்கு ராஜா வேண்டுமென்றே அந்த மாதம் கதவைத் திறக்கத் தாமதித்தார். ஊர் முழுக்கத் தலைவலியோடு நடமாடியது.

உண்மையில் ராஜா தாமதித்தது பிடிவாதத்தால் மட்டுமல்ல. எழுந்து நடக்க முடியாமல்தான். அது உமையாளுக்கும் தளபதி கொற்றவனுக்கும் மட்டுமே தெரிந்திருந்தது.

"இரத்தப் புற்று," என்றாள் உமையாள், படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. "மருந்துக்குக் கட்டுப்படலை ஐயா. இனி ஒரே வழிதான் இருக்கு. உங்க எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை அழிச்சிட்டு, வேற ஒருத்தரோட மஜ்ஜையை ஏத்தணும். பொருத்தமான ஆளைத் தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். கடற்பாசிப் பண்ணையில வேலை செய்யற ஒரு பெண். யாருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது."

"செய்யுங்க. ஏன் தயங்கறீங்க?"

"இரத்தம் ஊறுறது மஜ்ஜையிலதான். மாத்தினா அதுக்கப்புறம் உங்க உடம்புல ஓடறது அந்தப் பெண்ணோட இரத்தம். பேருக்குச் சொல்லலை. சோதிச்சுப் பார்த்தா அவங்க இரத்தம்னுதான் காட்டும்."

அதிவீரன் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். நாற்பதைத் தாண்டாத மனிதர். முடியெல்லாம் கொட்டி, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"அப்போ கதவு?"

"திறக்காது. ஆலையும் நின்னுபோகும்."

"செய்யாட்டி?"

"நீங்க இருக்க மாட்டீங்க. அப்பவும் கதவைத் திறக்க ஆளில்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "சபையைக் கூப்பிட்டுச் சொல்லிடுங்க ஐயா. உங்க இரத்தம் உங்ககிட்ட இருக்கும்போதே ரெண்டு தரப்பும் சேர்ந்து பூட்டை மாத்திடலாம்."

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். நோய் பற்றிச் சொன்னபோதுகூட அந்த முகம் அப்படி இறுகவில்லை.

"இது டாக்டர் சொல்ற யோசனையா, வயிரவன் சொல்ற யோசனையா?"

அவளுக்குச் சுரீரென்றது. "என் வீட்டுக்காரருக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லைங்கிறதே தெரியாது."

"நல்லது. தெரியாமலே இருக்கட்டும்," என்றார் அவர். பிறகு வேறொரு வழியை அவரே சொன்னார். சிகிச்சைக்கு முன்னால் அவருடைய இரத்தத்தை எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் உறையவைக்க வேண்டும். கதவு திறக்கும் நாளில் ஒரு குப்பியை இளக்கி, விரலில் தோல்போல ஒட்டிக்கொள்ளும் மெல்லிய உறைக்குள் அடைத்துத் தகட்டில் வைக்க வேண்டும். ஊசி உறையைத்தான் குத்தும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

உமையாள் ஒப்புக்கொண்டாள். நோயாளி பிழைக்க வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் வயிரவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பான். சோறு போட்டுக்கொண்டே கேட்பான், படுக்கையை உதறிக்கொண்டே கேட்பான்.

"ராஜா நல்லா இருக்காரா?"

"ஏன், அவருக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. ஜன்னல்பக்கம்கூட அவரைப் பார்க்க முடியலைன்னு பேசிக்கிறாங்க. நீ வேற இப்பல்லாம் தினமும் போறே."

"டாக்டர்னா போகத்தான் செய்வாங்க."

"சரி, விடு," என்பான். விட்டுவிடுவான். அவன் விட்டுவிடுகிற விதம்தான் அவளுக்கு உறுத்தியது. முன்பெல்லாம் ஒரு விஷயத்தைப் பிடித்தால் அவள் பதில் சொல்கிறவரை விடமாட்டான். இப்போது சட்டென்று பேச்சை மாற்றினான். வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறானோ? அல்லது பையிலிருந்தே தெரிந்துகொள்கிறானோ? அவள் பையில் காகிதம் எதையும் வைப்பதை நிறுத்தினாள். தூக்கத்தில் உளறுகிறோமா என்று பயந்து முன்னறையில் தனியாகப் படுக்க ஆரம்பித்தாள். குறட்டை தொந்தரவு என்று காரணம் சொன்னாள். அவன் குறட்டை விடுவதில்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

சிகிச்சை பலித்தது. பல வாரம் கண்ணாடி அறைக்குள் கிடந்த அதிவீரன் மெல்ல எழுந்து நடந்தார், பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார். முதல்தடவை உறை மாட்டிக்கொண்டு அவர் மூச்சாலைக்குப் போனபோது உமையாளும் கூடப் போனாள். கதவு திறந்தது. கொற்றவன் விட்ட பெருமூச்சு அவள் காதில் விழுந்தது. மீதிக் குப்பிகள் மருத்துவமனைக் குளிர்க்கிடங்கில், அவள் கைரேகைக்கு மட்டும் திறக்கும் பெட்டியில் இருந்தன.

அடுத்த மாதம் பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு குப்பி குறைந்தது.

மறுபடி எண்ணினாள். ஐஸைக் கையால் அளைந்து பார்த்தாள். பெட்டி உடைக்கப்படவில்லை. அவள் கைரேகை வேண்டும், அல்லது தூங்கும்போது அவள் விரலிலிருந்து எடுத்த பிரதி வேண்டும். தூங்கும்போது அவள் பக்கத்தில் வரக்கூடியவர் யார்?

ராஜாவிடம் சொன்னால் வயிரவன் தலை போய்விடும். சொல்லாமல் நேரே வீட்டுக்குப் போனாள். அவன் சபைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"குப்பியை எங்கே வச்சிருக்கீங்க?"

"எந்தக் குப்பி?"

"நடிக்காதீங்க. என் பையைத் தினமும் துழாவறீங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? அந்த ஒரு குப்பி இல்லாட்டி ஒரு மாசம் கதவு திறக்காது. ஊரே மூச்சு முட்டிச் சாகும். அதைக் கொண்டுபோய் நல்லதம்பிகிட்டக் குடுத்தீங்களா?"

வயிரவன் சட்டைப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்றான்.

"உன் பையில தினம் ரெண்டு ரொட்டி இருக்குமே, அதை யார் வைக்கிறான்னு நினைச்சே? நீ அங்கே போனா ஒண்ணுமே சாப்பிடறதில்லைன்னு நான்தான் வச்சேன்." அவன் குரல் இறங்கியிருந்தது. பிறகு அவள் சொன்னது முழுதாக அவன் மனதில் பதிந்தது போலிருந்தது. முகம் மாறியது. "கதவு திறக்கக் குப்பி எதுக்கு? ராஜா விரலுக்கு என்ன ஆச்சு?"

உமையாள் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டதே பதிலாகிவிட்டது.

"அவர் இரத்தம் மாறிப்போச்சு. அப்படித்தானே? இத்தனை மாசம் அவர் முகம் காட்டாததுக்கு அதான் காரணம். இருந்தும் சாவிச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போடலை." அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "உமையா, இதைத் தெரிஞ்சுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியாது."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா சண்டைதான் வரும்."

"சொல்லாட்டி அந்த ஒரு ஆள் குப்பியைக் கையில வச்சுக்கிட்டு எல்லார் கழுத்தையும் நெரிப்பார். நான் எதையும் எடுக்கலை. நம்பினா நம்பு."

அவள் நம்பவில்லை. நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் போன பிறகு அவள் பையைத் திறந்து பார்த்தாள். அடியில், மருந்துப் பட்டைகளுக்குக் கீழே, துணியில் சுற்றிய இரண்டு ரொட்டி இருந்தது.

அன்றைக்கே சபாநாயகர் நல்லதம்பி ஒலிபெருக்கியில் பேசினார். ராஜாவின் உடம்பில் ராஜ இரத்தம் இல்லை. அவர் இனி ராஜா இல்லை. குப்பிகளைச் சபையிடம் ஒப்படைக்க வேண்டும். அரண்மனை அதை மறுத்தது. மறுத்தவர்கள் குப்பி என்ற வார்த்தையை மட்டும் கவனமாகத் தவிர்த்தார்கள். ஊரில் ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள். ராஜா எப்போதோ செத்துவிட்டார், நடமாடுவது வேறு ஆள் என்றார்கள். குப்பியே சபை கட்டிவிட்ட கதை என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒருவருக்கொருவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

சபைத் தொண்டர்கள் மூச்சாலையைக் காவலில் எடுக்க ஊர்வலமாகப் போனார்கள். கையில் பெரும்பாலும் இரும்புக் குழாய்கள்தான். உறுப்பினர்கள் முன்வரிசையில் நடந்தார்கள், வயிரவனும் நடந்தான். ஆலைக்குப் போகும் பாலத்தின் மறுமுனையில் அரண்மனைப் படை நின்றது. முதலில் சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. உமையாளை மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். காயம்பட்டவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், போர்வையால் முகத்தை மூடியிருந்த ஒருவனின் கால் செருப்பைப் பார்த்து நின்றாள். அவள் வாங்கிக் கொடுத்த செருப்பு.

அவள் அழுவதற்குக்கூட இடமில்லாமல் பின்னால் இன்னும் ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அதன்பின் நெய்தல் இரண்டாகப் பிளந்தது. பாலத்துக்கு ஆலை இருந்த பக்கம் ராஜாவின் ஆட்கள், மறுபக்கம் சபையின் ஆட்கள். சபை ஆலையை மட்டும் விட்டுவிட்டு ராஜாவின் பக்கத்துக்கு மின்சாரத்தை முழுக்க வெட்டியது. குப்பிகள் எதிராளி கையில் கிடைத்துவிடக் கூடாது என்று இரண்டு தரப்பும் மருத்துவமனையைக் குறிவைத்தன. யாரோ வீசிய தீப்பந்தத்தில் குளிர்க்கிடங்கு எரிந்தது. குப்பிகளோடு பாதி ஊருக்கான மருந்தும் போயிற்று. உமையாளை அரண்மனைக்குக் கொண்டுபோய்ப் பாதுகாப்பு என்ற பேரில் ஓர் அறையில் வைத்தார்கள். கதவை வெளியிலிருந்து பூட்டினார்கள்.

வாரங்கள் போயின. சவ்வுகள் அடைத்துக்கொண்டன. காற்றில் ஈரத்துணி வாடை வந்தது. படியேறினால் கண் இருட்டியது. குழந்தைகள் விளையாடாமல் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்கள். சண்டையும் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்தது.

ஒருநாள் கொற்றவன் வந்து பூட்டைத் திறந்தான். "ராஜா கூப்பிடறார்."

மூச்சாலைக் கதவின் முன்னால் அதிவீரன் தனியாக நின்றிருந்தார். விரலில் உறை இல்லை. சவ்வு மாற்றும் பணியாளர்கள் கருவிகளோடு கொஞ்சம் தள்ளி, வழி திரும்பும் இடத்தில் காத்திருந்தார்கள்.

"ஒரு குப்பிகூட மிச்சமில்லையா டாக்டர்?"

"எல்லாம் எரிஞ்சுபோச்சு. ஒண்ணு முன்னாடியே திருட்டுப்போச்சு."

"திருட்டுப்போகலை." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "நான்தான் எடுத்தேன். நீங்க என்னைக் கண்ணாடி அறையில பரிசோதிக்க வந்தப்ப உங்க கைரேகையை எடுத்து வச்சிருந்தேன். குப்பி மொத்தமும் உங்ககிட்ட இருக்கிறது எனக்குப் பிடிக்கலை. உங்க வீட்டுக்காரர் சபையில இருக்கார். போன தடவை திறந்தது அதை வச்சுத்தான்."

உமையாளின் காதில் இரைச்சல் கேட்டது. காற்றுக் குறைவினால்தான் என்று நினைக்கப் பார்த்தாள். *நம்பினா நம்பு.* அவன் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். இந்த மனிதரைப் பிழைக்கவைத்த கைகள் அவை.

"அவர் எடுக்கலை," என்றாள்.

"இல்லை," என்றார் ராஜா. "நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

அவள் மருத்துவராகவே பதில் சொன்னாள். வேறு யாராகவும் அப்போது அவளால் பேச முடியவில்லை. "திறக்காம விட்டா இன்னும் கொஞ்ச நாள்ல எல்லாரும் செத்துப்போவோம். அது நிச்சயம். உங்க விரலை வச்சா ஆலை நின்னுடும்னு சொல்லியிருக்காங்க. அது சொன்னதுதான். யாரும் வச்சுப் பார்த்ததில்லை."

அதிவீரன் தலையசைத்தார். அந்த மனிதரிடம் கோழைத்தனம் மட்டும் இருந்ததில்லை. விரலை நீட்டித் தகட்டில் அழுத்தினார். ஊசி குத்தியது. கடற்பாசிப் பண்ணைக்காரியின் இரத்தம் ஒரு துளி தகட்டில் பரவியது. கொற்றவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கதவு திறந்தது.

உள்ளே ஆலை எப்போதும்போல முனகிக்கொண்டு ஓடியது. பணியாளர்கள் தயங்கித் தயங்கி உள்ளே போனார்கள். ஆனால் ராஜாவின் முகத்தில் நிம்மதி இல்லை. பழைய இறுக்கம் வந்திருந்தது.

"அந்தப் பெண் யாரு?"

"எந்தப் பெண்?"

"இரத்தம் குடுத்தவ. அவ எங்க வம்சம்தான், இல்லையா? எங்க அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ வேற எங்கேயோ... அதான் பொருத்தம் கிடைச்சது. அதான் கதவு திறந்தது. பேரைச் சொல்லுங்க டாக்டர்."

"எதுக்கு?"

"இன்னொரு வாரிசு இருக்குன்னு சபைக்குத் தெரிஞ்சா அவளைத் தூக்கி வச்சுக்குவாங்க. அதுக்குள்ள நாம கண்டுபிடிக்கணும்."

கண்டுபிடித்தால் என்ன செய்வார் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை அவள் ஒருமுறைதான் பார்த்திருந்தாள். ஊசி போடும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, யாரோ உயிர் பிழைத்தால் சரி என்று சிரித்தவள். பேரைச் சொன்னால் ராஜா தேடுவார். ராஜா தேடுவது தெரிந்தால் சபையும் தேடும்.

பணியாளர்கள் வெளியே வந்ததும் கதவு தானாக மூடிக்கொண்டது. உமையாள் இரண்டடி முன்னால் போய்த் தன் கட்டைவிரலைத் தகட்டில் வைத்தாள்.

"டாக்டர்," என்று கொற்றவன் கையைப் பிடிக்க வந்தான். அதற்குள் ஊசி குத்திவிட்டது.

கதவு திறந்தது.

பணியாளர்களில் ஒருவர் கையிலிருந்த பழைய சவ்வைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் காரைக்குடிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்க வழி," என்றாள் உமையாள். "உங்க வம்சத்துக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. இதுக்குள்ள ஊசி மட்டும்தான் இருக்கு ஐயா. பூட்டு இல்லை. என்னைக்குமே இருந்திருக்காது."

அதிவீரன் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். "எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டார். அது அவளைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிறகு தலையை நிமிர்த்தினார். "கொற்றவா, டாக்டரும் இந்தப் பணியாளர்களும் அரண்மனையிலேயே இருக்கட்டும். வெளியே போக வேண்டாம்."

கொற்றவன் கதவின் பக்கம் திரும்பினான். கதவு மூடும்வரை காத்திருந்தான். பிறகு கையுறையைக் கழற்றித் தன் விரலை வைத்தான். கதவு அவனுக்கும் திறந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் தம்பி அந்தப் பாலத்துல செத்தான்," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. வழியை விட்டு விலகிச் சுவரோரமாக நின்றுகொண்டான். "நீங்க போங்கம்மா."

உமையாள் நடந்தாள். முதலில் பாலத்துக்கு இந்தப் பக்கம் காவலிருந்த சிப்பாய்களிடம் சொன்னாள். அவர்கள் சிரித்தார்கள். "போய் வச்சுப் பாருங்க, பணியாளர்களைக் கேளுங்க," என்றாள். பாலத்தைக் கடந்து தடுப்புக்குப் பின்னாலிருந்த தொண்டர்களிடம் சொன்னாள். வயிரவனைத் தெரிந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்களிடம் சொன்னாள். சுவரோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருந்தவளிடம் உட்கார்ந்து சொன்னாள். சிலர் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். சிலர் எழுந்து பாலத்தை நோக்கி நடந்தார்கள்.

சபை மண்டபத்தில் நல்லதம்பி அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். பெரிய மனிதர், நிதானமானவர். வயிரவனைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். அவை பொய்யில்லை.

"இது அரண்மனை சூழ்ச்சியா இருக்கலாம்," என்றார் முதலில். "விரலை வைக்கப் போனவங்களை மொத்தமா மடக்கிப் பிடிக்க."

"நானும் சூழ்ச்சியா?"

அவர் அவளைக் கூர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, நிஜம்னே வச்சுக்குவோம். யோசிச்சுப் பாரும்மா. பூட்டு இல்லைன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வேணும்னாலும் உள்ளே போவான். ஒரு கிறுக்கன் போதும், ஊரே காலி. பூட்டு இருக்குன்னு ஜனங்க நம்பறது நல்லதுதான். சாவி ராஜாகிட்ட இருந்து சபைக்கு வந்துடுச்சுன்னு அறிவிச்சுடலாம். மிச்சத்தை நாம பார்த்துக்கலாம்."

"கதவுக்குக் காவல் போடுங்க. ரெண்டு பக்கத்து ஆளும் சேர்ந்து காவல் இருக்கட்டும். இல்லாத பூட்டை எதுக்குக் காப்பாத்தணும்?"

"உனக்கு அரசியல் தெரியாது. இதை யார்கிட்டயும் சொல்லலையே?"

"வழியில பார்த்த எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்."

நல்லதம்பியின் கை நாற்காலிப் பிடியில் நின்றது. "முதல்ல என்கிட்டதானே வந்திருக்கணும்? எங்களையும் நம்பலையா நீ? உன் புருஷன் எங்க ஆளும்மா."

"நம்ப வேண்டியவரை நம்பாம அனுப்பிட்டேன்," என்றாள் உமையாள். "உங்ககிட்ட வந்தா இப்படித்தான் கேப்பீங்கன்னு தோணிச்சு. அதை மட்டும் சரியா சந்தேகப்பட்டிருக்கேன்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். வீதியில் ஜனங்கள் பாலத்தின் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். தடுப்பை யாரோ ஓரமாக நகர்த்தியிருந்தார்கள். அவள் அந்தக் கூட்டத்தோடு போகவில்லை. வயிரவனைப் புதைத்த இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அவனிடம் சொல்ல அவளுக்கு ஒரே விஷயம்தான் இருந்தது. அதைச் சொல்லிமுடிக்க வெகுநேரம் ஆயிற்று.

சண்டை அன்றோடு நின்றுவிடவில்லை. பழிவாங்க வேண்டியவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள், அவர்கள் கொஞ்சகாலம் பழிவாங்கினார்கள். ஆனால் எதற்காகச் சாகிறோம் என்ற கேள்விக்குப் படையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அதிவீரன் முடியைத் துறந்தார். அடுத்த தேர்தலில் நல்லதம்பி தோற்றார். மூச்சாலைக் கதவில் இப்போது சாதாரணத் தாழ்ப்பாள்தான். பக்கத்தில் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள்.

இருந்தாலும் பழைய கதை சாகவில்லை. அந்தக் கதவில் நிஜமாகவே பூட்டு இருந்தது, டாக்டர் உமையாள்தான் ராஜாவின் இரத்தத்தை மாற்றி அதைக் கெடுத்துவிட்டாள் என்று நம்புகிறவர்கள் நெய்தலில் இன்றும் இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாவிட்டால் அவர்களும் அவளிடம்தான் வைத்தியத்துக்கு வருகிறார்கள். பரிசோதனைக்கு விரலை நீட்டச் சொல்லும்போது மட்டும் கையைச் சற்றே இழுத்துக்கொண்டு அவள் முகத்தை ஒருமுறை பார்ப்பார்கள். அவள் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களாக நீட்டுகிறவரை காத்திருப்பாள்.